உலக சாதனை படைத்தவர்களுக்கு வெண்கலம்

2018 பிப்ரவரி 20, தென்கொரியாவின் காங்னுங் ஐஸ் அரங்கம். குளிர்கால ஒலிம்பிக்கின் பெண்கள் 3000 மீட்டர் ஷார்ட் டிராக் (சின்னத் தடத்தில் நடக்கும் ஐஸ் சறுக்குப் போட்டி) தொடர் ஓட்டத்தில் நெதர்லாந்து அணி 4 நிமிடம் 3.471 விநாடியில் ஓடி முடித்தது. அதுவரை உலகில் எந்தப் பெண்கள் அணியும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆனால் அது இறுதிப் போட்டியே இல்லை. அரையிறுதியில் தோற்ற நான்கு அணிகளும் ஐந்தாம் இடம் யாருக்கு, எட்டாம் இடம் யாருக்கு என்று தீர்த்துக்கொள்ளும் 'பி' இறுதி.

அது முடிந்து அசல் இறுதி நடந்தது. கொரியா 4:07.361இல் தங்கம் வென்றது. நெதர்லாந்து எடுத்த நேரத்தைவிடக் கிட்டத்தட்ட 4 விநாடி அதிகம். இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டிய சீனாவையும், கூடவே கனடாவையும் நடுவர்கள் தகுதிநீக்கம் செய்தார்கள். பின்தங்கியிருந்த இத்தாலிக்கு வெள்ளி கிடைத்தது. நான்கு அணிகளில் இரண்டு போய்விட்டதால் வெண்கலத்துக்கு ஆள் இல்லை. அப்புறம்தான் 'பி' இறுதியில் வென்ற நெதர்லாந்துக்கு அழைப்பு போனது. தாங்கள் ஓடாத ஓர் ஓட்டத்தில் பதக்கம் வாங்கினார்கள் அந்தப் பெண்கள்.

இதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, 'என்ன விளையாட்டு இது, லாட்டரியா?' என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு கணக்கு அந்தச் சந்தேகத்தை அசைத்துவிடுகிறது. ஷார்ட் டிராக் 1988 கல்கரியில் காட்சி விளையாட்டாக வந்து, 1992 ஆல்பர்வில்லில் பதக்க விளையாட்டானது. அதிலிருந்து 2018 வரை நடந்த 8 ஒலிம்பிக்கில், பெண்கள் தொடர் ஓட்டத் தங்கத்தை 6 முறை கொரியாதான் எடுத்துப் போயிருக்கிறது: 1994, 1998, 2002, 2006, 2014, 2018. லாட்டரிச் சீட்டு ஒரே வீட்டுக்கு ஆறு முறை விழாது.

அப்படியானால் இங்கே எதற்குப் பரிசு? வேகத்துக்கு இல்லை என்பதை நெதர்லாந்து காட்டிவிட்டது. பதில் தெரிய அந்தத் தளத்துக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

'நீளத் தடம்' எனப்படும் பெரிய வேகச் சறுக்கில் தடம் 400 மீட்டர். இருவர் இருவராக, அவரவர் பாதையில், கடிகாரத்தோடு போட்டி போடுவார்கள். ஷார்ட் டிராக்கில் ஒரு சுற்று 111.12 மீட்டர்தான். 60க்கு 30 மீட்டர் அளவுள்ள ஐஸ் ஹாக்கித் தளத்துக்குள் வரைந்த முட்டை வடிவம் அது. ஒவ்வொரு வளைவிலும் ஏழு கறுப்பு ரப்பர் கட்டைகளை வைத்திருப்பார்கள். தனிப் பாதை என்று யாருக்கும் கிடையாது. கட்டைக்கு உள்ளே நுழையாமல், எல்லோரும் ஒரே பாதையில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், எப்போதும் இடது பக்கம் திரும்பியபடி சுற்றிச் சுற்றி ஓட வேண்டியதுதான். கட்டைகள் நிற்கும் வளைவின் ஆரம் 8 மீட்டர். ஒரு சாதாரணக் கல்யாண மண்டப மேடையின் நீளம் இருக்கும். அந்த வளைவுக்குள் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிறார்கள்.

திருவிழாக்களில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டே சுவரில் சுற்றுவாரே, கிட்டத்தட்ட அந்தச் சாய்வு. உடலை வெளியே தள்ளும் விசை, உடல் எடையைவிடக் கூடுதல். அதைத் தாங்க இடது பக்கமாக எவ்வளவு சாய்கிறார்கள் என்றால், இடது கை விரல்நுனி தரையைத் தடவிக்கொண்டே போகும். வெறும் கையுறையாக இருந்தால் ஐஸ் பிடித்து இழுத்துவிடும் என்பதால் அந்த ஐந்து விரல்நுனியிலும் வழவழப்பான கடினப் பிளாஸ்டிக் தொப்பி. பிளேடும் காலணிக்கு நடுவில் இருக்காது. சாயும்போது காலணியின் ஓரம் ஐஸில் இடிக்கக் கூடாதென்று சற்று இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். பிளேடையே வளைவின் திசைக்கு லேசாக வளைத்தும் வைத்திருப்பார்கள். மொத்தத்தில் இடது பக்கம் திரும்புவதற்கென்றே செய்த சாமான். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே ஊழியர்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வளைவுகளில் ஊற்றுவதைத் தொலைக்காட்சியில் கவனித்தால் தெரியும். பிளேடுகள் உழுத பள்ளத்தை நிரப்புகிறார்கள். அப்படியும் போதாமல், கட்டைகளைச் சற்று நகர்த்தி வைத்துத் தடத்தையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இனி தொடர் ஓட்டம். ஓர் அணிக்கு நான்கு பேர், மொத்தம் 27 சுற்று. தடகளத் தொடர் ஓட்டம்போல் கையில் கோல் இல்லை; தொட்டால் போதும். கபடியில் தொட்டால் ஆள் அவுட். இங்கே தொட்டால்தான் அடுத்த ஆளுக்கு உயிர். ஆனால் யாரும் சும்மா தொடுவதில்லை. பொதுவாக ஒருவர் ஒன்றரைச் சுற்று ஓடுவார். அதற்குள் அடுத்தவர் தடத்தின் உட்புறம் குறுக்கே வந்து, வளைவு முடிகிற இடத்தில் சரியாக முன்னால் நுழைந்து, குனிந்து உட்கார்ந்த நிலையில் நிற்பார். பின்னால் வருகிறவர் இரண்டு கையாலும் இடுப்பில் வைத்து, தன் வேகம் முழுவதையும் கொட்டி ஒரே தள்ளு. கிணற்றடியில் தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவதுபோல் வேகத்தையே கைமாற்றுகிறார்கள். சிந்துவது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல அணி.

இந்தத் தள்ளு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. அதே காங்னுங்கில் இத்தாலியின் அரியானா ஃபொன்டானா 500 மீட்டர் தங்கத்தை 42.569 விநாடியில் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். தொடர் ஓட்டத்தில் நெதர்லாந்துப் பெண்கள் அதைப்போல் ஆறு மடங்கு தூரம் ஓடினார்கள். அவர்களுடைய சராசரி மணிக்கு 44 கிலோமீட்டர். அதாவது 9 விநாடிக்கு ஒரு சுற்று, இடைவிடாமல் 27 முறை. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற சிரமம் ஒரே ஒரு தடவை. அதன் பிறகு ஒவ்வொரு ஒன்றரைச் சுற்றுக்கும் இளைப்பாறிய கால்களும் ஒரு தள்ளும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

இப்போது நான்கு அணிகளை ஒன்றாக நினைத்துப் பாருங்கள். தளத்தில் ஒரே நேரத்தில் 16 பெண்கள். நான்கு பேர் ஓடுகிறார்கள், மற்ற 12 பேரும் உள்ளே வட்டமடித்தபடி தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். கைமாறும் அந்த ஒரு நொடியில் எட்டுப் பேர் ஒரே நேர்கோட்டுப் பகுதியில் நெருக்கியடிக்கிறார்கள். தள்ளி முடித்தவருக்கு வேகம் போய்விடும், விலகவும் வேண்டும். இன்னோர் அணியின் வழியில் அவர் நின்றுவிட்டால் அவ்வளவுதான். பெரும்பாலான விபத்தும் பெரும்பாலான தகுதிநீக்கமும் இங்கேதான் பிறக்கின்றன. கடைசி இரண்டு சுற்றை மட்டும் ஒருவரே ஓட வேண்டும். அதனால் அணியின் மிகத் தெம்பான ஆளை அதற்கென்று வைத்திருப்பார்கள்.

சரி, நெதர்லாந்து ஏன் 'பி' இறுதியில் உலக சாதனை செய்தது, கொரியா ஏன் இறுதியில் மெதுவாக ஓடியது? காரணம் காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவர் அந்த நிழலில் சுகமாக வருவார். அதனால் பதக்கம் பணயத்தில் இருக்கும்போது முன்னால் ஓட யாருக்கும் ஆசை இல்லை. எல்லோரும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். கடைசி ஏழெட்டுச் சுற்று வரும்போதுதான் உண்மையான ஓட்டம் தொடங்கும். 'பி' இறுதியில் இழக்க ஒன்றும் இல்லை. நெதர்லாந்து அங்கே ஓட்டத்தை ஓட்டமாகவே ஓடியது.

இந்த அடக்கி வாசித்தல்தான் கொரியாவின் புகழ்பெற்ற ஒரு மீட்சிக்கும் இடம் கொடுத்தது. பத்து நாள் முன்னால், பிப்ரவரி 10ஆம் தேதி அரையிறுதி. இன்னும் 23 சுற்று பாக்கி. கொரியாவின் லீ யூ-பின் வளைவில் வழுக்கி விழுந்தார். சொந்த ஊர்க் கூட்டம் வாயடைத்துப் போனது. இங்கேதான் பயிற்சி என்பது என்ன என்று தெரிந்தது. விழுந்தவர் எழ முயலவில்லை. தரையில் சறுக்கியபடியே கையை நீட்டினார். சோய் மின்-ஜாங் தன் முறை இல்லாதபோதும் அந்தக் கையைத் தொட்டுவிட்டுப் பறந்தார். அரைச் சுற்றுபோல் பின்தங்கிய அணி, ஒரேயடியாகத் துரத்தாமல், தள்ளுக்குத் தள்ளு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைத் தின்றது. முன்னால் போனவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கொரியா முதலிடம். அதுவும் 4:06.387 என்ற அப்போதைய ஒலிம்பிக் சாதனையோடு. இன்னொரு தடவை பார்த்தால் இந்த எண் வேடிக்கையாக இருக்கும்: விழுந்து எழுந்து ஓடிய அரையிறுதி நேரம், தங்கம் வென்ற இறுதி நேரத்தைவிட ஒரு விநாடி வேகம்.

இதனால்தான் தொடர் ஓட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு தனிநபர் ஓட்டத்தைவிடக் குறைவு என்று நினைக்கிறேன். விழுந்தாலும் 20 சுற்று இருக்கிறது, மூன்று ஜோடி கால்கள் இருக்கின்றன. 500 மீட்டரில் இருப்பது நாலரைச் சுற்று. அங்கே விழுந்தால் கதை முடிந்தது.

அந்த நாலரைச் சுற்று எவ்வளவு கொடூரமானது என்று தெரிய பிரிட்டனின் எலிஸ் கிறிஸ்டியைக் கேட்டால் போதும். 2014 சோச்சியில் 500 மீட்டர் இறுதியில் அவர் இத்தாலியின் ஃபொன்டானாவோடு மோத, கொரியாவின் பார்க் சுங்-ஹியும் சேர்ந்து சரிந்தார். கடைசியாக வந்துகொண்டிருந்த சீனாவின் லீ ஜியான்ரோ அப்படியே ஓடித் தங்கத்தைத் தொட்டார். கிறிஸ்டி தகுதிநீக்கம். நான்கு வருடம் கழித்து உலகச் சாம்பியனாகக் காங்னுங்குக்கு வந்தார். 500 இறுதியில் விழுந்தார். 1500 அரையிறுதியில் விழுந்து மருத்துவமனைக்குப் போனார். 1000 மீட்டர் தகுதிச் சுற்றில் தொடக்கத்திலேயே விழுந்து, மறுபடி ஓடி, முடித்த பிறகு தகுதிநீக்கம். இரண்டு ஒலிம்பிக்கிலும் அவருக்குப் பதக்கம் ஒன்றும் இல்லை. சரி, அவர் பக்கம் அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிடலாமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஃபொன்டானா 2006 டூரினில் 15 வயதில் தொடங்கி 2022 பெய்ஜிங் வரை ஐந்து ஒலிம்பிக்கில் 11 பதக்கம் எடுத்தார். அவரும் இதே தளத்தில், இதே நெரிசலில்தான் ஓடினார். கிறிஸ்டியின் பலம் வேகம். ஃபொன்டானாவின் பலம், நெரிசல் எங்கே உண்டாகப்போகிறது என்று முன்பே தெரிந்து அதற்கு முன்னால் போய் நிற்பது. 2018, 2022 இரண்டிலும் 500 மீட்டர் தங்கம் அவருக்குத்தான்.

நடுவர் பக்கம் வருவோம். பார்வையாளர்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது இந்த இடம். பொதுவான விதி எளிது: முந்துகிறவர்தான் மோதல் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; முந்தப்படுகிறவர் குறுக்கே வெட்டவோ கையால் தடுக்கவோ கூடாது. ஆனால் 9 விநாடிக்கு ஒரு சுற்றாக நாலு பேர் உரசிக்கொண்டு போகும்போது யார் முந்துகிறவர், யாருடைய கை முதலில் நீண்டது? ஓட்டம் முடிந்ததும் நடுவர் காணொளித் திரையின் முன் குனிந்துவிடுவார். வீராங்கனைகள் மூச்சு வாங்கிக்கொண்டே தளத்தில் மெல்லச் சுற்றுவார்கள். கொண்டாடலாமா வேண்டாமா என்று தெரியாத அந்த ஒன்றிரண்டு நிமிடம் வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு நீளமாக இருக்காது.

2010 வான்கூவரில் கொரியா ஐந்தாவது தொடர் தங்கத்துக்காகப் பெண்கள் தொடர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தது. கொடியைப் போர்த்திக்கொண்டு சுற்றவும் தொடங்கிவிட்டார்கள். அப்போது அறிவிப்பு: சீன வீராங்கனைக்கு இடையூறு, கொரியா தகுதிநீக்கம், தங்கம் சீனாவுக்கு. முடிவு சொன்ன நடுவர், 2002இல் ஆண்கள் 1500 மீட்டரில் கொரியாவின் கிம் டோங்-சுங்கின் தங்கத்தைப் பறித்தவரேதான். கொரியாவில் அது எப்படிப்பட்ட கொந்தளிப்பைக் கிளப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2018இல் கொந்தளிப்பு வேறு திசைக்குப் போனது. 500 மீட்டர் இறுதியில் சோய் மின்-ஜாங், ஃபொன்டானாவுக்குப் பிளேடு நுனி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார். கனடாவின் கிம் பூட்டானுக்கு இடையூறு செய்ததாகச் சொல்லி அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். வெண்கலம் பூட்டானுக்குப் போனது. முடிவெடுத்தது நடுவர், திட்டு வாங்கியது பூட்டான். சமூக வலைத்தளங்களில் கொலை மிரட்டல் வரை வந்தது. மறுநாள் பதக்க மேடையில் அவர் அழுதார். நான்கு நாள் கழித்து 1500 மீட்டரில் சோய் தங்கம் வென்றார், பூட்டானுக்கு மறுபடி வெண்கலம். இருவரும் சேர்ந்து கையால் இதயக்குறி காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மிரட்டியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நம்புவோம்.

கொரியாவின் ஆதிக்கத்துக்கு நிழல் பக்கம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் ஆறு தங்கத்தைப் பற்றி மட்டும் பேசினால் நேர்மையாக இருக்காது. 400 மீட்டர் தடம் கட்ட வேண்டியதில்லை, ஹாக்கித் தளம் போதும் என்பது அந்நாட்டுக்குச் சாதகமாக இருந்தது. சின்ன வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, மணிக்கணக்கில் சுற்ற வைத்து உருவாக்கிய அமைப்பு அது. 1994 லில்லஹாமரில் தொடர் ஓட்டத் தங்கம் வென்ற கிம் யூன்-மிக்கு வயது 13. அவ்வளவு இளம் வயதில் பயிற்சியாளரின் கையில் முழு வாழ்க்கையையும் கொடுத்துவிடும் ஏற்பாட்டில் என்ன நடக்கும் என்பதை 2019 ஜனவரியில் ஷிம் சுக்-ஹீ வெளிப்படையாகச் சொன்னார். சோச்சியில் 17 வயதில் கடைசிச் சுற்றில் சீனாவை வெளிப்பக்கமாக முந்தித் தங்கம் கொண்டுவந்தவர், காங்னுங்கிலும் தங்க அணியில் இருந்தவர். பள்ளிப் பருவத்திலிருந்து தன் பயிற்சியாளர் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக அவர் சொன்னார். அந்தப் பயிற்சியாளருக்கு நீதிமன்றம் 13 ஆண்டு சிறை விதித்தது. கொரிய விளையாட்டுலகில் பலர் வாய் திறக்க அவர் ஒருவர் பேசியது காரணமாக இருந்தது.

அதே ஷிம், காங்னுங்கில் 1000 மீட்டர் இறுதியில் தன் அணித்தோழி சோயோடு மோதினார். இருவரும் விழ, முன்னால் ஓடிக்கொண்டிருந்த நெதர்லாந்தின் சுசான் ஸ்குல்டிங் தங்கம் வென்றார். ஷார்ட் டிராக்கில் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பிறகு 2021இல் கசிந்த தனிப்பட்ட குறுஞ்செய்திகளில் ஷிம் சக வீராங்கனைகளை இழிவாகப் பேசியிருந்தது தெரியவந்தது. சம்மேளனம் அவரை இரண்டு மாதம் தடை செய்ய, பெய்ஜிங் வாய்ப்பு போனது. இடுப்பில் கை வைத்து ஒருவரையொருவர் தள்ளிவிடும் நான்கு பேரும் தனி ஓட்டத்தில் எதிரிகள் என்பதை இந்த விளையாட்டு மறக்க விடுவதில்லை.

நெதர்லாந்துக்குத் திரும்புவோம். நீளத் தடத்தின் அரசர்களான அவர்கள் ஷார்ட் டிராக்கைத் தாமதமாகத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். காங்னுங் வெண்கல அணியில் இருந்த யோரியன் டெர் மோர்ஸ் அந்த இரண்டு உலகங்களுக்கும் பாலம். சில நாள் முன்புதான் நீளத் தடத்தில் 1000 மீட்டர் தங்கம் வென்றிருந்தார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு வேறு விளையாட்டுகளில் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர். அணியின் மற்ற மூவர் ஸ்குல்டிங், யாரா வான் கெர்கோஃப், லாரா வான் ராய்வன். லாரா அடுத்த ஆண்டு 500 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனார். 2020 ஜூலையில் பிரான்சில் பயிற்சி முகாமில் இருந்தபோது நோய் எதிர்ப்பாற்றல் கோளாறால் உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். வயது 27.

2022 பெய்ஜிங். ஸ்குல்டிங்கும் வான் கெர்கோஃபும் இன்னும் அணியில் இருந்தார்கள். சாண்ட்ரா வெல்ஸபூர், செல்மா பவுட்ஸ்மா புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். இந்த முறை 'ஏ' இறுதி. பின்னால் கொரியா, சீனா, கனடா. யாரும் விழவில்லை, காலியிடம் எதுவும் உண்டாகவில்லை. நெதர்லாந்து முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது, கால் விநாடிக்கும் குறைவான இடைவெளியில் கொரியா இரண்டாவது. அந்தத் தங்கத்தை லாராவுக்கு அர்ப்பணித்தார்கள். பலகையில் நேரம் 4:03.409. காங்னுங்கில் லாரா ஓடிய அந்த 'பி' இறுதிக்கும் இதற்கும் வித்தியாசம் 0.062 விநாடி.